இன்சுலினோடு என்று எழுதச் சொன்ன நாச்சிமுத்து

நாச்சிமுத்து சார் இறந்த செய்தி எலிக் கூண்டுகளுக்கு நடுவில் என்னை வந்தடைந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். ஓர் எலியைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுபைதா கதவைத் திறந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "டீச்சரே, நாச்சிமுத்து சார் மரிச்சு போயி" என்றாள். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் தோப்பில் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. அறுபத்தொரு வயது.

எலியைத் திரும்பக் கூண்டில் விட்டேன். எடையைக் குறித்தேன். இந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமலே போய்விட்டாரே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதை மறைத்துவிட்டு மேற்கொண்டு எழுதினால் இது அஞ்சலியாக இருக்காது, விளம்பரமாக இருக்கும்.

அன்று மதியத்துக்குள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் கும்பிடும் கைகள் நிறைந்துவிட்டன. அவர் இருக்கும் அறைக்குள் தேநீர் குடிக்கக்கூட வராதவர்கள் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியிருந்தார்கள். ‘இதயத்தை ஆராய்ந்தவரின் இதயம் நின்றது’ என்று ஒருவர் கவிதை மாதிரி போட்டிருந்தார். சார் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு, அவர் ஆராய்ந்தது சர்க்கரை நோயாளியின் இதயம், தனக்குச் சர்க்கரை கிடையாது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று பத்துப் பேர் முன்னால் வைத்து விளக்கியிருப்பார். கூடவே ‘ங்க’ போட்டுத்தான் விளக்கியிருப்பார். அவருடைய வசவு எதுவும் மரியாதை இல்லாமல் வந்ததில்லை.

ஆசிரியர் சங்க மலருக்காக என்னை எழுதச் சொன்னார்கள். பதினாலு வருடம் ஒரே துறையில் இருந்தவள் நான்தான். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அதில் உங்களைவிட எனக்குக் காரணம் அதிகம்.

பாலக்காட்டுக்கு வெளியே இருக்கும் இந்த பார்மசி கல்லூரியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்தான் மருந்தியல் துறைத் தலைவர். மேசையில் என் முனைவர் பட்ட ஆய்வேடு கிடந்தது.

"எந்த ஊருங்க?" என்றார்.

"மாட்டுப்பட்டி பக்கம் எஸ்டேட் சார். அம்மா கொழுந்து எடுத்தவங்க."

"செரி. இத முழுசாப் படிச்சேனுங்க. பாதி பொய்யுங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "எதைப் பொய்ங்கறீங்க சார்?"

"இல்லாதது ஒண்ணயும் நீங்க எழுதலீங்க. ஆனா சரியா வராத சோதனையெல்லாம் எங்கீங்க போச்சு? இருக்கறதுல பாதிய உட்டுப்போட்டாலும் அது பொய்யுதானுங்களே?"

தோல்வியடைந்த சோதனைகளை ஆய்வேட்டில் யாரும் எழுதுவதில்லை என்றேன். "அப்ப எல்லாருமே பொய்யிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து எலிகளைப் பார்க்கப் போய்விட்டார். நாற்காலி எது, மேசை எது என்று எனக்குக் காட்டியது சுபைதாதான்.

ஓணத்துக்குப் பூக்களம் போட்டு மாணவர்கள் பாட்டு வைத்த அன்று ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கியதும் இதே மனிதர்தான். சத்தத்தில் எலிகளின் நாடி மாறுகிறதாம். ஒரு மாணவி ஒரே ஒரு நாள் எலிகளின் தண்ணீர்ப் பாட்டிலை மாற்ற மறந்ததற்காக அவளுடைய மூன்று மாத வேலையைக் குப்பையில் போடச் சொன்னார். அவள் அழுதாள். "அழுதா அளவு சரியாயிருமுங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் ஆராய்ச்சியையே விட்டுவிட்டு இப்போது துணிக்கடை நடத்துகிறாள். அஞ்சலிக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. நான் வருத்தப்படவில்லை.

நாங்கள் சேர்ந்து செய்த வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் இதயத் தசைக்குள் மெல்ல மெல்ல நார் படிந்து, தசை விறைத்துப்போகிறது. இன்சுலின் போட்டு இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்தாலும் இந்தச் சேதம் முழுதாக நிற்பதில்லை. எங்கள் மலையில் வேலியோரம் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து வைத்திருந்தேன். அதை இன்சுலினோடு சேர்த்துக் கொடுத்தால் இதயத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்பது எங்கள் கேள்வி. அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளை நாலு பிரிவாக வைத்தோம். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றுக்கு இலைப் பொருள் மட்டும். ஒன்றுக்கு இன்சுலின் மட்டும். கடைசிப் பிரிவுக்கு இரண்டும். வாரக்கணக்கில் கொடுத்துவிட்டு, இதயத்தை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தோம். அந்தச் சாயத்தில் தசை சிவப்பாகவும் நார் நீலமாகவும் தெரியும். இன்சுலின் மட்டும் வாங்கிய எலிகளிடம் சிவப்புக்கு நடுவே நீலக் கோடுகள் ஓடின. இரண்டும் வாங்கியவற்றில் நீலம் நன்றாகக் குறைந்திருந்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் கத்தினேன்: "சார், வேலை செய்யுது!"

அவர் என் தோளுக்குமேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல மட்டும் குடுத்தது எப்படீங்க இருக்குது?" என்றார்.

அது மோசமாக இருந்தது. எதுவும் கொடுக்காத எலிகளுக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். சில எலிகள் இளைத்துச் செத்தும் போயிருந்தன.

"அதத்தான் மொதல்ல எழுதோணுமுங்க" என்றார். "அதுக்கப்புறம் உங்க சந்தோசத்த எழுதிக்குங்க."

கட்டுரையின் தலைப்பில் ‘இன்சுலினோடு சேர்ந்து’ என்ற சொற்கள் வேண்டும் என்று அவரும், தலைப்பு நீளமாகிறது, உள்ளே எழுதிக்கொள்ளலாம் என்று நானும் இரண்டு வாரம் சண்டை போட்டோம். அவர் சொன்னபடிதான் கட்டுரை போனது. எனக்கு ஆத்திரம். மலையில் என் அம்மா மென்று துப்பிய இலை, என் கையால் பிரித்தெடுத்த பொருள், அதன் வெற்றியை முதல் வரியில் சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்று நினைத்தேன்.

கட்டுரை வெளியானதும் நிர்வாகம் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தது. "இந்தக் கூத்துக்கு நான் வல்லீங்க" என்று நாச்சிமுத்து சார் ஒதுங்கிவிட்டார். மேடையில் நான் மட்டும். நிர்வாகம் தயாரித்த குறிப்பில் ‘சர்க்கரை நோயாளிகளின் இதயத்தைக் காக்கும் மலைச்செடி’ என்று தலைப்பு இருந்தது. இன்சுலின் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. நான் படித்தேன், திருத்தவில்லை. ஒரு நிருபர் எழுந்து, "அப்ப இனிமே இன்சுலின் ஊசியே தேவைப்படாதா மேடம்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "வருங்காலத்தில் அதுவும் நடக்கலாம்" என்றேன். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் மலையாளப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் என் படம் வந்தது. இலையின் படமும் வந்தது. அம்மாவுக்குப் பதினேழு வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக இன்சுலின். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் என் தம்பி ஜோசப்பின் குடும்பத்தோடு இருந்தாள். பத்திரிகையை வெட்டி எடுத்து வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் மரியதாஸ் மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரும் இன்சுலின் போடுபவர். இரண்டு பேரும் சேர்ந்து தினமும் காலையில் அந்த இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கத் தொடங்கினார்கள். ஊசியை நிறுத்தினார்கள். வாராவாரம் போனில் பேசினாலும் அம்மா என்னிடம் சொல்லவில்லை. சர்க்கரை நன்றாகக் குறைந்த பிறகு சொல்லி என்னை ஆச்சரியப்படுத்த நினைத்தாளாம்.

ஐந்தாவது வாரம் மரியதாஸ் மாமா வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, ஜீப் வருவதற்குள் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்திலேயே, மண் போடக் குனிந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

நான் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இதயத்தில் அடைப்பு ஏற்பட்டிருந்தது. வலியே தெரியாமல் வந்திருந்தது. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு அப்படி வரும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். "ஊசியை ஏன் நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, தலையணைக்கடியில் வைத்திருந்த பைபிளுக்குள்ளிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"இது எம் மவ கண்டுபிடிச்சது டாக்டரு. இங்க நிக்கிறாள்ல, இவதான்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

மூன்றாவது நாள் நாச்சிமுத்து சார் வந்தார். யார் வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போகாதவர், பஸ் மாறி மாறி மலையேறி வந்திருந்தார். பழம், பிஸ்கட் எதுவும் கையில் இல்லை. அம்மா அப்போது பொது வார்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலைச் சுற்றி ஜோசப், அவன் மனைவி, சித்தி எல்லாரும் இருந்தார்கள்.

"ஏனுங்கம்மா, ஊசிய நிறுத்தச் சொல்லி ஆருங்க சொன்னாங்க?" என்றார்.

"ஆரும் சொல்லலைய்யா. பேப்பர்ல போட்டிருந்தாக. எம் மவ பேசுனது."

"உங்க மக முழுசாப் பேசலீங்க. எல மட்டும் தின்ன எலியில சிலது செத்தே போச்சுங்க. ஊசியும் எலையும் சேர்ந்ததுதான் நல்லாருந்துச்சு. அது அவுங்களுக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் உட்டுப்போட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நெசமா?" என்றாள்.

சாரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நிர்வாகத்தின் அந்தக் குறிப்பு துறைத் தலைவரின் மேசைக்குப் போகாமல் வெளியே போகாது.

"சார், அந்த நோட்டை நீங்க முந்தின நாளே பார்த்தீங்கதானே?"

"பார்த்தேனுங்க."

"இன்சுலின் இல்லைன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்ப ஏன் தடுக்கல? ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்வதற்கான யோசனை அல்ல என்பது எனக்குத் தெரியும்.

"நீங்க அசிங்கப்படட்டும்னு இருந்துட்டேனுங்க. எவனாச்சும் படிச்சவன் கேள்வி கேப்பான், அப்பப் புத்தி வரும்னு நெனச்சேன். படிக்காதவங்க படிப்பாங்கன்னு நெனைக்கலீங்க."

அவரை அடிக்கக் கை ஓங்கினேன். ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்ததால் கீழே போட்டேன். அவர் நகரவே இல்லை.

அவரை நான் வெறுக்கத் தொடங்கியது அந்த வராந்தாவில் அல்ல. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையில். அதுவரை அவர் ஊர் திரும்பாமல் லாட்ஜில் தங்கியிருந்தார். எஸ்டேட் கோயிலில் பூசை முடிந்ததும், ஃபாதரிடம் அனுமதி வாங்கி, பீடத்துக்குக் கீழே வந்து நின்றார். முன் வரிசையில் மரியதாஸ் மாமாவின் மனைவி அற்புதம் அத்தை கறுப்புச் சேலையில் உட்கார்ந்திருந்தார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

"நான் கோயில்ல பேசற ஆளில்லீங்க. எனக்கு எலியப் பத்தித்தான் தெரியுமுங்க" என்று ஆரம்பித்தார். எலிகளின் நாலு பிரிவையும் விரல் மடக்கிச் சொன்னார். இலை மட்டும் குடித்தவை எப்படி இளைத்தன, எப்படிச் செத்தன என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். "இத உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஸ்டெல்லா மேடம். அவுங்க சொல்லல. அவுங்க சொல்லலைங்கறது எனக்கு முன்னாடியே தெரியும். நானும் சொல்லல. ஒரு மனுசன் செத்துப்போனாரு. ஊசி போடறவங்க இன்னிக்கே போயிப் போடோணுமுங்க. எல திங்கறவங்க துப்பிப்போடுங்க."

அவ்வளவுதான். வருகைப் பதிவேடு படிப்பதுபோல என் பெயரையும் தன் பெயரையும் படித்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் அது. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அங்கே இருந்தார். அற்புதம் அத்தை மட்டும் திரும்பவில்லை.

அந்த வாரமே லயத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர் டிஸ்பென்சரிக்குப் போய் ஊசியைத் திரும்பப் போடத் தொடங்கினார்கள் என்று ஜோசப் சொன்னான். அத்தனை பேர் நிறுத்தியிருந்தார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. சார் கோயிலில் நின்றிராவிட்டால் இன்னும் எத்தனை குழி வெட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. இது தெரிந்தும் எனக்கு அவர்மேல் நன்றி வரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘நீங்களே போய்ச் சொல்லுங்க’ என்று ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். நான் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பத்திரிகைகளுக்கும் திருத்தம் எழுதினார். ஒன்று போடவில்லை, இன்னொன்று உள்பக்க மூலையில் நாலு வரி போட்டது. கல்லூரியின் பெயரைக் கெடுத்தார் என்று நிர்வாகம் அவர்மேல் விசாரணை வைத்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். குறிப்பு அவர் மேசைக்குப் போனது, பார்த்தும் அவர் பேசாமல் இருந்தார், துறையில் எல்லாரையும் அவமதிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் கைதட்டலைப் பற்றி எழுதவில்லை. அவரைத் தலைமையிலிருந்து இறக்கி, என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மறுநாள் காலை அவர் தன் புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு ஜன்னலோர மேசைக்கு மாறினார். "மேடமுங்க, அஞ்சாம் கூண்டு எலிக்குக் கண்ணுல சீழ் வச்சிருக்குது, பாருங்க" என்றார். விசாரணையைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த அறையில் நாங்கள் எலிகளைப் பற்றி மட்டுமே பேசினோம். ஓய்வு பெற்ற பின்னும் நிர்வாகத்திடம் கெஞ்சி, சம்பளமில்லாமல், வாரம் மூன்று நாள் வந்தார். வரவேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். வேறு யாரும் அவ்வளவு சுத்தமாக இதயத்தை வெட்ட மாட்டார்கள் என்பதால் எழுதவில்லை. முழுச் சோதனையையும் முதலிலிருந்து திரும்பச் செய்யவேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். செய்தோம். அதே விடைதான் வந்தது. நான் எழுதிய ஒவ்வொரு வரைவிலும் சிவப்பு மையில் ஒரே சொல்லை எழுதித் திருப்பித் தருவார்: ‘இன்சுலினோடு’. ஏற்கெனவே அந்தச் சொல் இருக்கிற பக்கத்திலும் எழுதுவார். ஒருநாள் அந்தக் காகிதத்தை அவர் கண்ணெதிரே கிழித்தேன். மறுநாள் வேறு பிரதி எடுத்து அதிலும் எழுதி வைத்திருந்தார்.

அவர் சாவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு கடைசிச் சண்டை நடந்தது. ஒரு மூலிகை மாத்திரை நிறுவனம் எங்கள் இலைப் பொருளைக் கேப்சூலாகப் போட முன்வந்தது. துறைக்குப் புதிய கருவிகள் வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள். எங்கள் பழைய இயந்திரம் பாதி நாள் ஓடாது. நான் சம்மதிக்கும் மனநிலையில் இருந்தேன். காப்புரிமை எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் அவர் கையெழுத்தும் வேண்டும். நிறுவனத்தின் பிரதிநிதி கொண்டுவந்த டப்பாவின் மாதிரி அட்டையை நாச்சிமுத்து சார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதயப் படமும் இலைப் படமும் இருந்தன.

"மனுசனுக்குக் குடுத்து இன்னும் பாக்கவே இல்லீங்களே? இது எலிக்கு விக்கற டப்பாங்களா?" என்றார்.

"உணவுத் துணைப்பொருள்னுதான் சார் போடுறோம். மருந்துன்னு போடல" என்றான் அந்தப் பிரதிநிதி.

"அப்ப இன்சுலினோடன்னு பெரிசாப் போடுங்க."

"ஊசின்னு போட்டா யாரும் வாங்க மாட்டாங்க சார்."

"வாங்காட்டிப் போறாங்க" என்று அட்டையை அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்தார்.

பிரதிநிதி போன பிறகு நான் கத்தினேன். துறைக்கு ஒரு நல்லது வந்தால் உங்களுக்குப் பொறுக்காது, உங்களுக்கு நோயாளியும் முக்கியமில்லை, எலியும் முக்கியமில்லை, நீங்கள் சொன்னதுதான் சரி என்பது மட்டும்தான் முக்கியம் என்றேன். கடைசியில், "நீங்க போனாத்தான் சார் இந்த டிபார்ட்மெண்ட் உருப்படும்" என்றேன்.

"இருக்கலாமுங்க" என்றார். கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

நான் சொன்னதை இப்போதும் முழுசாகத் திரும்பப் பெறவில்லை. அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

அஞ்சலிக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் பேசும்போது அவரை மென்மையான மனிதர் என்றார். பின்வரிசையில் சுபைதா வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய மனைவி கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்தார். கூட்டம் முடிந்து நான் அருகில் போனதும், "நீங்கதானுங்களா ஸ்டெல்லா? ஊட்டுல உங்களப் பத்தி ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். "என் வீட்டிலும் அப்படித்தாங்க" என்றேன். அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கூட்டம் முடிந்த மறுநாளே அந்தப் பிரதிநிதி வந்தான். கறுப்புப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தான். சாரின் பங்கு அவர் குடும்பத்துக்குப் போகிறது, அவர்களிடம் பேசிக்கொள்ளலாம், என் கையெழுத்து வந்தால் மற்றதெல்லாம் நடக்கும் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனிமே தடுக்க ஆளில்லையே மேடம்" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. துறைக்குக் கருவிகள் வேண்டும், கேப்சூலில் என் பெயரும் வரும். ஒப்பந்தத்தை ஒருமுறை முழுசாகப் படித்தேன், டப்பாவில் அச்சிடப்போகும் வாசகங்களையும் படித்தேன். அவற்றைப் படித்துவிட்டு ஊசியை நிறுத்தப்போகிற ஒருவர் எங்கேயோ இருக்கிறார். அட்டப்பாடியில் இருக்கலாம், அகளிச் சந்தையில் வாங்கிக்கொண்டு போகலாம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மரியதாஸ் மாமாவின் பெயர் தெரியும்.

"தடுக்க நான் இருக்கேன்" என்றேன். "கெளம்புங்க."

"மேடம், அன்னைக்கு நீங்கதானே எங்க பக்கம்..."

"அன்னைக்குப் பேசினது தப்பு. கெளம்புங்கன்னு சொன்னேன்."

என் குரல் அறை முழுக்கக் கேட்டது. மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் நிர்வாகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கல்லூரிக்கு வரவிருந்த வாய்ப்பை ஏன் தடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பதில் எழுதிவிட்டேன். பழைய பத்திரிகையாளர் சந்திப்பில் நான் என்ன சொன்னேன், அதற்கு எப்படிக் கைதட்டினார்கள், பிறகு மலையில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் அதில் எழுதியிருக்கிறேன். விசாரணையில் நான் போட்ட கையெழுத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். தலைமை நாற்காலி போனாலும் போகலாம்.

நாச்சிமுத்து சாருக்காக இதைச் செய்தேன் என்று யாரும் மலரில் தலைப்புப் போட்டுவிட வேண்டாம். அவரை நான் மன்னிக்கவில்லை. அவரும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. அற்புதம் அத்தை எங்கள் இருவரையும் எப்போதோ மன்னித்துவிட்டதாக அம்மா சொல்கிறாள். அது அந்த அம்மாளின் பெருந்தன்மை. அதில் எங்களுக்குப் பங்கு இல்லை.

அம்மா இப்போது பாதி பலமுள்ள இதயத்தோடு, இரண்டு வேளை ஊசியோடு இருக்கிறாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சார் இறந்த செய்தியைப் போனில் சொன்னதும், "அந்த சாருக்கு ஒரு பூசை வெக்கணும்" என்றாள்.

"அவர் நம்ம வேதம் இல்லம்மா. அதோட, உன் முன்னால என்னைக் கேவலப்படுத்தின ஆளு."

"கேவலப்படுத்துனாகதான். நான் உயிரோட கெடக்கேம்லா? நீ வராட்டிப் போ, நானும் அற்புதமும் வெச்சுக்கிடுறோம்."

நான் போகப் போவதில்லை. அந்தக் கோயிலுக்குள் எனக்கு இன்னும் மூச்சு முட்டுகிறது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று எழுதி முடிக்க வேண்டும். பாசமாக அவர் எனக்கு எதையும் தரவில்லை, அதனால் பாசமாக வைத்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. தன் தவற்றை என் தவற்றோடு ஒரே மூச்சில், சத்தமாக, சம்பந்தப்பட்டவர்கள் முன்னால் சொன்ன ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை வைத்துக்கொள்கிறேன். அதை ஆறவிட எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறிவிட்டால், மேடையில் யாராவது கேட்கும் அடுத்த கேள்விக்கு நான் மறுபடியும் சிரித்துவிடுவேன்.